தம்பிக்கு சிஎம்எல்: இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப், எதுல ஆரம்பிக்கறது?

ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாக்கிழமை, தம்பிக்கு வந்திருக்கறது சிஎம்எல்ங்கற ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டு, டாக்டர் ஒரு சின்ன பேப்பர்ல மூணு மாத்திரை பேர எழுதிக் குடுத்து, "வீட்ல உக்காந்து பேசிட்டு வெள்ளிக்கிழமை வாங்க, மூணுமே நல்ல மருந்துதான், எது உங்களுக்குச் சரிவரும்னு நீங்களும் யோசிங்க"ன்னாரு. எங்க வீட்ல யாரும் மெடிக்கல் படிச்சதில்ல. அந்த மூணு நாள்ல நான் படிச்சதையும், அதுக்கப்புறம் இத்தனை மாசத்துல கத்துக்கிட்டதையும் சேர்த்து இங்க எழுதறேன், ஏன்னா அன்னிக்கு தமிழ்ல இத ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி எழுதி இருந்தா எங்க அம்மா அந்த மூணு ராத்திரியும் கொஞ்சமாவது தூங்கி இருப்பாங்க.

தம்பிக்கு அப்ப 31 வயசு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ரெண்டு மூணு மாசமாவே ரெண்டு இட்லி சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சிருச்சுன்னு எழுந்துருவான், தூங்கும்போது பனியன் நனையற அளவுக்கு வேர்க்கும், நாங்க அல்சர்னு நினைச்சு கேஸ் மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு இருந்தோம். டாக்டர் அவன படுக்க வச்சு இடது விலாவுக்குக் கீழ அழுத்திப் பார்த்தாரு, அப்புறம் என் கையையும் அங்க வச்சுக் காட்டினாரு. தோலுக்கு அடியில கெட்டியா ஒரு விளிம்பு, தொப்புளுக்கு ரெண்டு விரல்கடை மேல வரைக்கும் இறங்கி இருந்துச்சு. அதுதான் மண்ணீரல். அது வீங்கி இரைப்பைய நெருக்கினதாலதான் மூணாவது இட்லி இறங்கல. ரத்தத்துல வெள்ளை அணு 1,86,000, இருக்க வேண்டியது 4,000-ல இருந்து 11,000 வரைக்கும். லேப்ல இருந்தவங்க ஸ்லைட மைக்ராஸ்கோப்ல வச்சு என்னையும் பார்க்க விட்டாங்க. பக்கத்துலயே இன்னொருத்தரோட நார்மல் ஸ்லைடையும் காட்டினாங்க, அதுல வெளிர் சிவப்பு வட்டங்களுக்கு நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஊதா நிறத்துல வெள்ளை அணு. தம்பியோட ஸ்லைடுல பார்த்த இடமெல்லாம் ஊதா, நேத்து பொறந்த குட்டி செல்லுல இருந்து முழுசா வளர்ந்தது வரைக்கும் எல்லா வயசும் ஒரே கூட்டமா நிக்குது. எலும்பு மஜ்ஜைக்குள்ள இருந்து வளரவேண்டியதெல்லாம் வளர்றதுக்கு முன்னாடியே ரத்தத்துக்கு வந்திருச்சு, குரானிக் மைலாய்ட் லுக்கீமியான்னா இதுதான்னு சொன்னாங்க. சுருக்கமா சிஎம்எல்.

இந்த மூணு மாத்திரையையும் ஒப்பிடணும்னா முதல்ல செல்லுக்குள்ள என்ன உடைஞ்சுதுன்னு தெரியணும், அது தெரியாம பார்த்தா மூணும் வெறும் பேரும் விலையுமாத்தான் தெரியும். புற்றுநோய்லயே இந்த அளவுக்குத் தெளிவா காரணம் புரிஞ்ச நோய் ரொம்பக் கம்மி, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

1960-ல அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா ஊர்ல பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட்னு ரெண்டு பேரு சிஎம்எல் நோயாளிங்க செல்லுல வழக்கத்த விடக் குட்டையா ஒரு குரோமோசோம் இருக்கறதப் பார்த்தாங்க, அதுக்கு அந்த ஊர் பேரே நிலைச்சிருச்சு, ஃபிலடெல்ஃபியா குரோமோசோம். ஒரு துண்டு காணாமப் போச்சுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருக்காங்க. 1973-ல சிகாகோல ஜேனட் ரௌலிங்கற அம்மா, அது காணாமப் போகல, 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் ஆளுக்கொரு துண்ட மாத்திக்கிச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. அப்படி மாத்தும்போது 9-ல இருக்க ஏபிஎல்ங்கற ஜீன், 22-ல இருக்க பிசிஆர்ங்கற ஜீன் பக்கத்துல போய் ஒட்டிக்குது. ஒட்டு மாமரம் மாதிரி ரெண்டு ஜீன் சேர்ந்து ஒண்ணாயிருது, ரிப்போர்ட்ல பிசிஆர்-ஏபிஎல்னு வரும். ஒண்ணு சொல்லிடறேன், ஜீன் பேர்ல வர்ற பிசிஆர் வேற, டெஸ்ட் பேர்ல வர்ற பிசிஆர் வேற, கேக்க ஒண்ணா இருக்கறதால எங்க சித்தப்பா ஒரு மாசம் குழம்பிட்டு இருந்தாரு. இனிமே ஜீன நான் ஒட்டு ஜீன்னே சொல்றேன்.

ஏபிஎல் நம்ம எல்லார் செல்லுலயும் இருக்கறதுதான். அது குடுக்கற புரதத்தோட வேலை, ஏடிபிங்கற எரிபொருள் மூலக்கூறுல இருந்து ஒரு பாஸ்பேட்ட எடுத்து வேற புரதத்து மேல ஒட்டறது, ஒட்டினா அந்தப் புரதம் முழிச்சுக்கிட்டு அடுத்ததுக்கு 'வளரு, பிரி'ன்னு செய்தி அனுப்பும். தேவைப்படும்போது மட்டும் இது நடக்கணும்ல, அதுக்கு ஏபிஎல்லுக்கு ஒரு தாழ்ப்பாள் இருக்கு: அதோட ஒரு நுனி வளைஞ்சு வந்து தன்னோட இன்னொரு பக்கத்துல இருக்க சின்ன குழிக்குள்ள மாட்டிக்கும், மாட்டிக்கிட்டா வேலை நின்னுரும். ஒட்டு ஜீன் உருவாகும்போது அறுபட்டுப் போறது சரியா அந்த நுனிதான். தாழ்ப்பாள் போச்சு, அது பத்தாதுன்னு பிசிஆர் பக்கத்துப் பகுதி ரெண்டு மூணு புரதத்த ஒண்ணோட ஒண்ணு கட்டி இன்னும் முடுக்கி விடுது. அப்புறம் அந்த செல்லுக்கு வெளியில இருந்து யாரும் வளருன்னு சொல்ல வேண்டாம், சாகவேண்டிய நேரத்துல சாகவும் சாகாது. 1990-ல எலிங்க மஜ்ஜைக்குள்ள இந்த ஒரு ஒட்டு ஜீன மட்டும் வச்சுப் பார்த்தாங்க, சிஎம்எல் மாதிரியே நோய் வந்துச்சு.

இதெல்லாம் மஜ்ஜைல ரத்த அணுக்கள உண்டாக்கற தாய் செல்லுங்க இருக்குல்ல, ஸ்டெம் செல்னு சொல்வாங்க, அதுல ஒரே ஒரு செல்லுல, பொறந்ததுக்கு அப்புறம் நடக்கற விபத்து. பரம்பரையா வர்றதில்ல, ஒட்டறதும் இல்ல. ஏன் வந்துச்சுன்னா உறுதியா தெரிஞ்ச காரணம் அதிகமான கதிர்வீச்சு ஒண்ணுதான், அணுகுண்டு விழுந்து பிழைச்ச ஜப்பான்காரங்ககிட்ட இது கூடுதலா வந்ததப் பார்த்திருக்காங்க, மத்தபடி முக்கால்வாசிப் பேருக்கு மேல காரணமே தெரியாது. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அப்ப தம்பிக்குப் பொண்ணு பார்த்துட்டு இருந்தோம், ஒரு சொந்தக்காரங்க "குடும்பத்துல வர்ற நோயா"ன்னு கேட்டு அம்மா அன்னிக்குப் பூரா அழுதாங்க. அவனுக்குப் பொறக்கப் போற பிள்ளைக்கு இந்த ஒட்டு ஜீன் போகாது, அது மஜ்ஜை செல்லுலதான் இருக்கு. உங்க வீட்ல யாராவது அப்படிக் கேட்டா தயங்காம இதச் சொல்லுங்க.

இப்ப மாத்திரைக்கு வர்றேன். பேப்பர்ல இருந்த மூணும் ஒரே இடத்துலதான் போய் உக்காருது, ஒட்டுப் புரதத்துல ஏடிபி வந்து உக்கார்ற பள்ளம். ஏடிபி உக்கார முடியலன்னா பாஸ்பேட் இல்ல, செய்தி போகாது, அந்த செல் செத்துரும். எப்படி உக்காருது, போற வழில வேற எத இடிக்குதுங்கறதுலதான் மூணுக்கும் வித்தியாசம்.

இமாட்டினிப் முதல்ல வந்தது. 1998-ல பிரையன் ட்ரூக்கர்ங்கற டாக்டர் மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்க்க ஆரம்பிச்சாரு, 300 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் எடுத்த 54 பேர்ல 53 பேருக்கு ரத்த அணு எண்ணிக்கை நார்மலுக்கு வந்துருச்சு, 2001 மே மாசமே அமெரிக்காவுல அனுமதி குடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி இந்த நோய்னா சில வருஷம்தான், ஒத்துப்போற டோனர் கிடைச்சு மஜ்ஜை மாத்தினாத்தான் உண்டு. அப்புறம் 1,106 பேர வச்சு நடந்த ஐரிஸ்ங்கற பெரிய ஆய்வுல, இமாட்டினிப்ல ஆரம்பிச்சவங்கள்ல 10 வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தவங்க 83.3%. இந்த நம்பர நான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அவங்க காலண்டர் பின்னாடி எழுதி வச்சுக்கிட்டாங்க.

இது புரதம் ஆஃப்ல இருக்க வடிவத்துலதான் போய் மாட்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை 400 மில்லிகிராம், சாப்பாட்டோட ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட. வெறும் வயித்துல போட்டா குமட்டிக்கிட்டு வரும். ஏபிஎல் தவிர கிட், பிடிஜிஎஃப்ஆர்னு வேற ரெண்டு புரதத்தையும் இது அடைச்சிரும், பக்க விளைவெல்லாம் முக்கால்வாசி அங்க இருந்துதான்: காலைல எழுந்தா கண்ணச் சுத்தி வீக்கம், கால் வீக்கம், ராத்திரி கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கறது. தோலுக்கு நிறம் குடுக்கற செல்லுக்கும் கிட் வேணுங்கறதால நம்மள மாதிரி மாநிறக்காரங்க கொஞ்சம் வெளுத்துப் போவாங்க, தம்பி முகம் நாலு மாசத்துல வெளுத்துச்சு, தெருவுல பார்த்தவங்க "கலர் ஆயிட்டியே"ன்னு சொன்னப்ப அவன் ஒண்ணும் சொல்லாம சிரிச்சுட்டு வந்துட்டான். உயிருக்கு ஆபத்தான பக்க விளைவுன்னு பார்த்தா இருபது வருஷத்துக்கு மேல பழகின மருந்து இது, புதுசா பயமுறுத்தற விஷயம் எதுவும் கிளம்பல. எனக்கு அதுதான் பெரிய தைரியம்.

விலையும் சொல்லணும், அதுல சென்னைக்கு நேரடியா ஒரு பங்கு இருக்கு. நோவார்ட்டிஸ் கம்பெனி இந்த மருந்தோட ஒரு படிக வடிவத்துக்கு பேட்டன்ட் கேட்டு 1998-ல மனு போட்டது சென்னை பேட்டன்ட் ஆபீஸ்லதான். 2006 ஜனவரில அத நிராகரிச்சாங்க, 2007-ல மெட்ராஸ் ஹைகோர்ட்டும் கம்பெனி போட்ட வழக்கத் தள்ளுபடி பண்ணுச்சு, கடைசியா 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், பழைய மருந்துக்குப் புது வடிவம் குடுத்தா மட்டும் பேட்டன்ட் கிடையாது, வேலை செய்யற திறன் கூடணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அப்ப கம்பெனி மருந்து மாசம் 1,20,000 ரூபாய் பக்கம், இந்தியாவுல தயாரிச்ச ஜெனரிக் 8,000 ரூபாய் பக்கம். இன்னைக்கு அதைவிடவும் கம்மி. அந்தத் தீர்ப்பு இல்லன்னா நாங்க இந்த ஒப்பீட்டையே வேற மாதிரி எழுத வேண்டி இருந்திருக்கும்.

அடுத்து டாசாட்டினிப். இது புரதம் ஆன்ல இருந்தாலும் ஆஃப்ல இருந்தாலும் மாட்டிக்கும், லேப்ல செல் மேல போட்டுப் பார்த்தப்ப இமாட்டினிப்ப விட 300 மடங்குக்கு மேல வீரியம். 300 மடங்குன்னதும் எங்க வீட்ல எல்லாரும் "அப்ப அதையே குடுத்துரலாமே"ன்னுதான் சொன்னோம். ஆனா நோயாளிங்கள வச்சுப் பார்த்த நம்பர் வேற கதை சொல்லுது. டாசிஷன்ங்கற ஆய்வுல ரெண்டையும் நேருக்கு நேர் வச்சுப் பார்த்தாங்க: 12 மாசத்துல ரத்தத்துல ஒட்டு ஜீன் அளவு (நோய் எவ்வளவு மிச்சம்னு காட்டற டெஸ்ட் நம்பர்) 0.1%-க்குக் கீழ வந்தவங்க டாசாட்டினிப்ல 46%, இமாட்டினிப்ல 28%. 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 91%, 90%. அதாவது வேகமா இறக்குது, ஆனா உயிரோட இருக்கறதுல வித்தியாசம் தெரியல. நோய் முத்தி அடுத்த கட்டத்துக்குப் போனவங்க டாசாட்டினிப்ல 4.6%, இமாட்டினிப்ல 7.3%, அந்த வித்தியாசத்த சின்னதுன்னு ஒதுக்கவும் எனக்கு மனசு வரல, முத்திப் போனா அது கிட்டத்தட்ட வேற நோய், அக்யூட் லுக்கீமியாங்கற வேகமான ரத்தப் புற்றுநோய் மாதிரி.

டாசாட்டினிப் 100 மில்லிகிராம், தினம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னயோ பின்னயோ எப்ப வேணா போடலாம். இதோட தொல்லை நெஞ்சுல: நுரையீரலச் சுத்தி நீர் கோக்கும், அதே ஆய்வுல 5 வருஷத்துக்குள்ள 28% பேருக்கு அது வந்துச்சு. வயசானவங்களுக்கு, ஏற்கனவே மூச்சு இழுப்பு இருக்கறவங்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். இன்னொண்ணு, வயித்துல ஆசிட் இல்லன்னா இந்த மாத்திரை சரியா ரத்தத்துல சேராது. நம்ம ஊர்ல ஆசிட்டக் குறைக்கற பேண்டோபிரசோல்ங்கற கேஸ் மாத்திரைய மிட்டாய் மாதிரி தினம் காலைல போடறவங்க எத்தனை பேரு, தம்பியே ரெண்டு மாசம் போட்டுட்டுதான் இருந்தான். அதோட சேர்த்தா டாசாட்டினிப் வாங்கற காசும் வீண், நோயும் அடங்காது, டாக்டர்கிட்ட கேஸ் மாத்திரை உட்பட எல்லாத்தையும் சொல்லிடுங்க.

நிலோட்டினிப் இமாட்டினிப்போட வடிவத்தையே இன்னும் இறுக்கமா மாட்டற மாதிரி செதுக்கினது, லேப்ல 20 மடங்கு பக்கம் வீரியம். என்ஸ்ட்-என்டிங்கற ஆய்வுல 12 மாசத்துல 0.1%-க்குக் கீழ வந்தவங்க இதுல 44%, இமாட்டினிப்ல 22%, சரியா இரட்டிப்பு. ஆனா எங்க வீட்டப் பொறுத்தவரைக்கும் இத நான் முதல் நாளே அடிச்சுட்டேன், ரெண்டு காரணம். ஒண்ணு, நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, 12 மணி நேர இடைவெளி, ஒவ்வொரு வேளைக்கும் முன்னாடி 2 மணி நேரம், பின்னாடி 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, சாப்பாட்டோட போட்டா மருந்து ரத்தத்துல ஏறிப் போய் இதயத் துடிப்பு தப்பற அபாயம் இருக்கு. வாரம் மாறி வாரம் ஷிஃப்ட் மாத்தற ஆளு, நடு ராத்திரி டீயும் பன்னும் சாப்பிட்டு வேலை பாக்கறவன், அவன் இத எப்படிக் காப்பாத்துவான்? ரெண்டாவது காரணம் இன்னும் பெருசு. இது சுகரையும் கொழுப்பையும் ஏத்தும், ரத்தக் குழாயையும் அடைக்கும். அதே ஆய்வோட 10 வருஷக் கணக்குல இதய, ரத்தக் குழாய் பிரச்சினை வந்தவங்க 300 மில்லிகிராம் ரெண்டு வேளை எடுத்த குரூப்ல 16.5%, இமாட்டினிப்ல 3.6%. எங்க அப்பாவுக்கு 40 வயசுல சுகர், 52-ல ஸ்டென்ட். தம்பிக்கும் பார்டர்ல சுகர். லுக்கீமியாவ ஜெயிச்சுட்டு 45 வயசுல ஹார்ட் அட்டாக்ல அவன இழக்க நான் தயாரா இல்ல.

இந்த மூணுக்கும் வெளிய அஸ்கிமினிப்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு வரியாவது சொல்லாம விட முடியல. மேல தாழ்ப்பாள்னு சொன்னேன்ல, நுனி அறுந்து காலியா கிடக்கற அந்தக் குழி, அஸ்கிமினிப் ஏடிபி பள்ளத்த விட்டுட்டு நேரா அந்தக் குழிக்குள்ள போய் உக்காருது. தொலைஞ்ச தாழ்ப்பாளுக்கு மாத்துத் தாழ்ப்பாள். 2024-ல வந்த ஆய்வுல 48 வாரத்துல 0.1%-க்குக் கீழ வந்தவங்க இதுல 67.7%, டாக்டருங்க தேர்ந்தெடுத்த பழைய மாத்திரைகள்ல 49%. பக்க விளைவுக்காக மருந்த விட்டவங்களும் கம்மி. படிக்கும்போது எனக்கு அழுகையே வந்துச்சு, 1960-ல யாரோ ஒருத்தர் குட்டையான குரோமோசோம் ஒண்ணப் பார்த்ததுல இருந்து இங்க வரைக்கும் வந்திருக்காங்க. ஆனா எங்க டாக்டர் எழுதின பேப்பர்ல அது இல்ல, எங்களால வாங்கக் கூடிய விலையிலும் இல்ல.

மஜ்ஜை மாத்தறதப் பத்தி எல்லா வீட்லயும் ஒருத்தர் கேப்பாங்க, "ஒரேயடியா மாத்திட்டா முடிஞ்சுதே"ன்னு. கூடப் பொறந்தவங்க ஒருத்தருக்கு முழுசா ஒத்துப்போக வாய்ப்பு நாலுல ஒண்ணு, எனக்கு டெஸ்ட் எடுக்கவே தேவை இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாத்திரை கட்டுப்படுத்தற கட்டத்துல இருக்கறவங்கள, மாத்து மஜ்ஜை உடம்போட சண்டை போடற அபாயத்துக்குள்ள தள்ளறது நியாயம் இல்ல. மாத்திரைங்க தோத்தா, நோய் முத்தினா, அப்ப அது பெரிய ஆயுதம்.

மாத்திரை ஏன் தோக்குதுன்னும் தெரிஞ்சு வச்சுக்கணும். அந்தப் பள்ளத்துல ஒரே ஒரு எழுத்து மாறினா போதும். டி315ஐன்னு ஒரு மியூட்டேஷன் இருக்கு, புரதத்துல 315-ஆம் இடத்துல இருக்க வேண்டிய த்ரியோனின்ங்கற அமினோ அமிலம் போய் ஐசோலூசின்ங்கற வேற ஒண்ணு வந்துரும், வாசல்ல ஒரு தடியன் நின்ன மாதிரி ஆயிரும், இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப் மூணும் உள்ள நுழைய முடியாது. போனாட்டினிப்ங்கற மாத்திரை அதையும் தாண்டி உள்ள போகும், ஆனா ரத்தக் குழாய் அடைப்பு அதுல இன்னும் அதிகம். அஸ்கிமினிப் வேற வழியா போறதால கூடுதல் டோஸ்ல அதுக்கும் வேலை செய்யும். மத்த பல மியூட்டேஷனுக்கு டாசாட்டினிப்பே போதும். அதனால முதல் மாத்திரை ஒத்து வரலன்னா வேற மாத்திரைக்குப் போற வழி கையில இருக்கு, முதல்லயே பெரிய ஆயுதத்த எடுக்கணும்னு கட்டாயம் இல்லங்கறதுதான் நான் இமாட்டினிப் பக்கம் சாய்ஞ்சதுக்கு முக்கியக் காரணம்.

எல்லாருக்கும் இதே விடை வராது. வயசு, மண்ணீரல் அளவு, பிளேட்லெட், இளம் செல் எவ்வளவுன்னு நாலையும் வச்சு சோகால் ஸ்கோர்னு ஒண்ணு போடுவாங்க, அது ஹை ரிஸ்க்னு வந்தா வேகமா இறக்கற டாசாட்டினிப்போ நிலோட்டினிப்போதான் சரின்னு நிறைய டாக்டருங்க சொல்வாங்க. தம்பிக்கு நடுத்தரம். ஓபியில எங்க பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகி ஒரு வருஷம், அவங்களுக்கு டாசாட்டினிப் ஆரம்பிச்சாங்க. இந்த மாத்திரைங்க எதுவும் வயித்துல இருக்க பிள்ளைக்கு ஆகாது, பிள்ளை பெத்துக்கணும்னா சீக்கிரம் நோய ஆழமா இறக்கி, டாக்டர் பார்வையில மாத்திரைய நிறுத்தி வைக்கற கட்டத்துக்கு வரணும், அவங்களுக்கு வேகம் ரொம்ப முக்கியம். அவங்க எடுத்த முடிவும் சரி, நாங்க எடுத்ததும் சரி.

வெள்ளிக்கிழமை போய் இமாட்டினிப்னு சொன்னோம். டாக்டர் தலையாட்டிட்டு, எந்த மாத்திரைய எடுத்தாலும் டெஸ்ட்ட மட்டும் விட்டுறாதீங்கன்னாரு. ரத்தத்துல ஒட்டு ஜீன் எவ்வளவுன்னு அளக்கற பிசிஆர் டெஸ்ட்தான் அது. 3 மாசத்துல 10%-க்குக் கீழ, 6 மாசத்துல 1%-க்குக் கீழ, 12 மாசத்துல 0.1%-க்குக் கீழ வரணும். எப்பவும் ஒரே லேப்ல எடுக்கணும், இன்டர்நேஷனல் ஸ்கேல்ல குடுக்கறாங்களான்னு கேட்டுக்கணும், இல்லன்னா ஒரு லேப் நம்பர இன்னொரு லேப் நம்பரோட ஒப்பிடவே முடியாது.

3 மாசத்துல 6.2% வந்துச்சு, மண்ணீரல் கைக்கே தட்டுப்படல, வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். 6 மாசத்துல 2.8%. எச்சரிக்கைக் கோடு. டாசாட்டினிப்புக்கு மாத்தறதான்னு மறுபடியும் அதே பேச்சு, டி315ஐ மாதிரி மியூட்டேஷன் வந்துருச்சோன்னு எனக்குக் கை நடுங்குச்சு. டாக்டர் முதல்ல கேட்டது, "மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு?" வீட்டுக்கு வந்து அவன் பைல இருந்த அட்டைகள எடுத்து எண்ணினேன். கணக்குப்படி 4 இருக்கணும், 19 இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை சாப்பிடறதில்லயாம், ஷிஃப்ட் மாறற அன்னிக்கும் விட்டுருவானாம், காலைல டீயோட போட்டா குமட்டுதுன்னு. "சொன்னா நீங்க எல்லாம் பயப்படுவீங்கக்கா"ன்னான். எனக்குக் கோபமே வரல, அவன் பக்கத்துல உக்காந்துட்டேன்.

லண்டன்ல ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரில 2010-ல இத அளந்தே பார்த்திருக்காங்க. 87 பேருக்குக் குடுத்த மாத்திரை பாட்டில் மூடியில சிப் வச்சு, எப்பெப்ப திறக்கறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. 90%-க்கு மேல ஒழுங்கா சாப்பிட்டவங்கள்ல 6 வருஷத்துல 0.1%-க்குக் கீழ வர்ற வாய்ப்பு 94.5%, அதுக்குக் கம்மியா சாப்பிட்டவங்களுக்கு 28.4%. மாசம் 3 மாத்திரை விட்டா 90%, அவ்வளவுதான் இடைவெளி. டாசாட்டினிப்புக்கும் இமாட்டினிப்புக்கும் நடுவுல இருக்க வித்தியாசத்த விட இது பல மடங்கு பெருசு. மியூட்டேஷன் டெஸ்ட்டும் எடுத்தோம், எதுவும் இல்ல.

அதனால மாத்திரைய மாத்தல, நேரத்த மாத்தினோம். எந்த ஷிஃப்டா இருந்தாலும் அவன் ஒழுங்கா உக்காந்து சாப்பிடற ஒரே சாப்பாடு வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியோ வந்த பிறகோ அம்மா போடற சோறுதான். பாதி சோறு சாப்பிட்டதும் மாத்திரை, ஒரு செம்பு தண்ணி, அப்புறம் மீதி சோறு. குமட்டல் போச்சு. கெண்டைக்கால் பிடிப்புக்கு டாக்டர் ரத்தத்துல உப்புச் சத்தெல்லாம் பார்த்துட்டு மருந்து குடுத்தாரு. 9 மாசத்துல 0.6%, 12 மாசத்துல 0.16%, 15 மாசத்துல 0.07%. அதுக்கு மேலயும் இறங்கலன்னா டாசாட்டினிப்புக்கு மாத்தறதுன்னு ஏற்கனவே பேசி வச்சிருந்தோம், தேவைப்படல.

இப்ப அவன் கேக்கற கேள்வி, "எப்ப நிறுத்தலாம்?" ஒரு நாள் முடியலாம். பிரான்ஸ்ல ஸ்டிம்ங்கற ஆய்வுல, ரெண்டு வருஷத்துக்கு மேல ஒட்டு ஜீன் டெஸ்ட்ல தென்படாத அளவுக்கு இறங்கின 100 பேருக்கு இமாட்டினிப்ப நிறுத்திப் பார்த்தாங்க. பாதிக்கு மேல திரும்ப வந்துச்சு, அதுவும் பெரும்பாலும் முதல் 6 மாசத்துக்குள்ளயே, மறுபடி மாத்திரை ஆரம்பிச்சதும் அடங்கிருச்சு. மீதிப் பேருக்கு வரல. ஏன் திரும்ப வருதுன்னா, மஜ்ஜையோட மூலைல தூங்கற நிலைல இருக்க சிஎம்எல் ஸ்டெம் செல்ல இந்த மாத்திரைங்க கொல்றதில்ல, அதுக்கு உயிர் வாழ அந்த ஒட்டுப் புரதத்தோட செய்தி தேவையே இல்ல. வேலை செய்யற செல்லத்தான் மருந்து பிடிக்குது. டாசாட்டினிப்ல போனா நிறுத்தற கட்டத்துக்கு வர்ற வாய்ப்பு கூடுதல், இமாட்டினிப்ல கொஞ்சம் கம்மி, வந்தாலும் 5 வருஷமாவது சாப்பிட்டிருக்கணும், 0.01%-க்குக் கீழ ரெண்டு வருஷமாவது நிக்கணும். இது நாங்க தெரிஞ்சே விட்டுக் குடுத்த விஷயம், அவன்கிட்டயும் மறைக்கல.

18 மாச டெஸ்ட் அடுத்த வாரம். போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன், சாப்பிட உக்காந்தான், அம்மா எதுவும் கேக்கல, அவனே தட்டுக்குப் பக்கத்துல அட்டைய எடுத்து வச்சுக்கிட்டான்.